சைக்கிள் டிராக்: தடமா, பட்டையா?

மாநகராட்சிக் கூட்டத்தில் ‘சைக்கிள் டிராக் அமைக்கப்படும்’ என்று அறிவிப்பார்கள். மறுநாள் நாளிதழில் அது ‘மிதிவண்டிப் பாதை’ என்று வரும். சில மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் ரோட்டோரமாக நீளமாய் ஒரு வெள்ளைக் கோடு, அதற்குள் அங்கங்கே ஒரு சைக்கிள் படம். படத்தின் மேல் ஷேர் ஆட்டோ நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருக்கும். அறிவித்தது டிராக், அதாவது தனியாகப் பிரித்துக் கட்டும் பாதை. போட்டது லேன், அதாவது ரோட்டிலேயே கோடு போட்டு ஒதுக்கும் பகுதி. ஆங்கிலத்தில் இவை இரண்டு வேறு பொருள்கள். தமிழில் இரண்டையுமே பாதை என்று எழுதிவிடுவதால், ஏமாந்ததுகூட நமக்குத் தெரிவதில்லை. சரி, சொல்லைப் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் சைக்கிள். கிரேக்கத்தில் ‘கிக்ளோஸ்’ என்றால் வட்டம், சக்கரம். லத்தீன், பிரெஞ்சு வழியாக அது ஆங்கிலத்துக்கு வந்தது. சமஸ்கிருதத்தின் ‘சக்ர’வும் ஆங்கிலத்தின் ‘வீல்’ என்ற சொல்லும் அதே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து கிளைத்தவைதாம். அப்படிப் பார்த்தால் இலங்கைத் தமிழர் எழுதும் ‘துவிச்சக்கர வண்டி’ பைசைக்கிளுக்குப் பங்காளி முறை. தமிழ்நாட்டில் எழுத்துத் தமிழுக்கு மிதிவண்டி நிலைத்துவிட்டது. பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் ‘விலையில்லா மிதிவண்டி’ அந்தச் சொல்லை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஈருருளி என்று எழுதுபவர்களும் உண்டு, ஆனால் புல்லட்டுக்கும் இரண்டு உருளைதானே. மிதித்தால்தான் ஓடும் என்பதைச் சொல்லும் மிதிவண்டியே துல்லியமான சொல். பேச்சில் சைக்கிள் என்றே சொல்லலாம், அதில் தப்பு ஒன்றும் இல்லை.

தவிர்க்க வேண்டியது ‘பைக் லேன்’. வெளிநாட்டு அறிக்கைகளிலிருந்து அப்படியே எடுத்து இதை எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் அது சைக்கிளுக்கானது. தமிழ்நாட்டில் பைக் என்றால் மோட்டார் சைக்கிள், வேறு அர்த்தமே கிடையாது. ‘பைக் லேன்’ என்று போர்டு வைத்துவிட்டு உள்ளே வரும் பைக்காரரைக் குறை சொல்ல முடியுமா?

அடுத்து டிராக். பழைய பிரெஞ்சில் ‘த்ராக்’ என்பது விலங்கோ மனிதனோ நடந்துபோன சுவடு. பதினைந்தாம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும் சுவடுதான் பொருள். ஆட்கள் அதே சுவட்டில் திரும்பத் திரும்ப நடக்க, அது வழி ஆயிற்று. பிறகு ரயிலுக்கான இருப்புப் பாதை, அப்புறம் ஓட்டப் பந்தயத்துக்கான ஓடுபாதை என்று பொருள் விரிந்தது. தமிழில் ‘தடம்’ கடந்துவந்த வழியும் இதேதான். காலடித் தடம், யானைத் தடம் என்னும்போது சுவடு. வண்டித்தடம், ஒற்றையடித் தடம் என்னும்போது வழி. கொங்குப் பக்கம் இன்றும் ஊருக்குப் போகும் வழியைத் தடம் என்பார்கள். ரயில் கவிழ்ந்தால் தடம் புரண்டது என்கிறோம். ஸ்பானிய மொழியில் சைக்கிள் பாதைக்குக் ‘கர்ரில் பிசி’ என்று பெயர். அந்தக் ‘கர்ரில்’ ஆதியில் வண்டிச் சக்கரம் மண்ணில் பதித்த கோடு, அதாவது அசல் வண்டித்தடம்.

லேன் கதை இன்னும் சுவாரசியம். பழைய ஆங்கிலத்தில் இரண்டு பக்கமும் வேலியோ கரையோ அடைத்த குறுகலான வழிக்குத்தான் லேன் என்று பெயர். கோயம்புத்தூர், ஈரோட்டுக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: இட்டேரி. இரண்டு தோட்டத்து உயிர்வேலிகளுக்கு நடுவே, கள்ளியும் கிளுவையும் இரு பக்கமும் நிற்க, மாட்டுவண்டி ஒன்று போகிற அகலத்தில் ஓடும் வழி அது. ஆக, வேலி போட்ட வழிக்கு இருந்த பேர் இன்றைக்கு வேலியே இல்லாத வெறும் கோட்டுக்கு வந்துவிட்டது. சுவடு என்ற பொருளில் தொடங்கிய டிராக், தடுப்பு வைத்துப் பிரித்த பாதைக்குப் பெயராகிவிட்டது.

இன்றைய பொறியியல் வழக்கில் வித்தியாசம் இதுதான். மோட்டார் வண்டிகள் ஓடும் அதே தளத்தில் கோடு போட்டு ஒதுக்கிய பகுதி சைக்கிள் லேன். கல்விளிம்போ, மேடையோ, செடி வரிசையோ வைத்து அந்தத் தளத்திலிருந்து பிரிக்கப்பட்டது சைக்கிள் டிராக்.

டிராக் என்ற சொல் நகரத் திட்டத்துக்குள் நுழைந்ததும் நல்ல எண்ணத்தோடு என்று சொல்லிவிட முடியாது. 1934 டிசம்பரில் லண்டனின் மேற்கே வெஸ்டர்ன் அவென்யூவில் சுமார் 4 கிலோமீட்டருக்கு ஒரு சைக்கிள் டிராக்கைத் திறந்தார்கள். திறந்துவைத்தவர் அன்றைய போக்குவரத்து அமைச்சர் லெஸ்லி ஹோர்-பெலிஷா. சைக்கிள்காரர்களின் சங்கம் அதை எதிர்த்தது. இன்று டிராக் கட்டுவார்கள், நாளை ரோட்டில் வராதே என்பார்கள் என்று பயம். பயம் வீண் இல்லை. அதே 1934ல் ஜெர்மனி கொண்டுவந்த சாலை விதி, பாதை இருக்கும் இடத்தில் சைக்கிள் அதில்தான் போயாக வேண்டும் என்றது. கார் வேகமாகப் போகச் சைக்கிளை ஓரங்கட்டுவதுதான் அன்றைய நோக்கம்.

அதே 1934 டிசம்பரில்தான் இந்தியச் சாலைக் காங்கிரஸும் உருவானது. நம் நாட்டுச் சாலைகளுக்கு அளவும் விதியும் எழுதும் அமைப்பு அது. அதன் 11ஆம் எண் ஆவணம், 1962ல் முதலில் வந்து 2015ல் திருத்தப்பட்டது, முழுக்கச் சைக்கிள் டிராக் வடிவமைப்பைப் பற்றியது. ஆகவே நம் பொறியாளர்களுக்கு இது புதுச் சொல் அல்ல. அவர்கள் மேசையில் அறுபது வருடத்துக்கும் மேலாக இருக்கும் சொல்.

சொற்களை ஒழுங்காகப் பிரித்து வைத்துக்கொண்ட நாடு நெதர்லாந்து. சைக்கிளுக்கு டச்சில் ‘ஃபீட்ஸ்’. இதன் மூலம் தெரியாமல் ஒரு நூற்றாண்டுக்கு மேல் அறிஞர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். 2012ல் பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழக மொழியியலாளர்கள் ஒரு விளக்கம் தந்தார்கள்: ஜெர்மன் மொழியின் ‘வீட்ஸெ-ஃபெர்ட்’, அதாவது ‘துணைக் குதிரை’, குதிரைக்குப் பதில் குதிரை. அதன் முன்பாதி தேய்ந்து ஃபீட்ஸ் ஆனது என்கிறார்கள். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள் என்றில்லை, ஆனால் கேட்க நன்றாக இருக்கிறது.

இந்த ஃபீட்ஸோடு சேர்ந்து பல சொற்கள் உண்டு. ‘ஃபீட்ஸ்பாட்’ என்றால் பிரித்துக் கட்டிய பாதை. உத்ரெக்ட் நகரின் மாலிபான் சாலையில் 1885ல் வந்ததை நாட்டின் முதல் ஃபீட்ஸ்பாட் என்பார்கள். ‘ஃபீட்ஸ்ஸ்ட்ரோக்’ என்றால் சாலைத் தளத்திலேயே கோடு போட்டு, சைக்கிள் படம் வரைந்த பகுதி. இதில் ‘ஸ்ட்ரோக்’ என்றால் பட்டை. கோடு முழுக்கோடாக இருந்தால் கார் அதைத் தாண்டக் கூடாது. விட்டுவிட்டுப் போட்ட கோடு என்றால், சைக்கிளுக்கு இடைஞ்சல் இல்லாதபோது வரலாம். மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது: ‘ஃபீட்ஸ்சஜெஸ்திஸ்ட்ரோக்’, யோசனைப் பட்டை. கோடு உண்டு, சைக்கிள் படம் இல்லை, சட்டத்தில் எந்த மதிப்பும் இல்லை. இங்கே சைக்கிள் வரலாம், கொஞ்சம் பார்த்துப் போங்களேன் என்று டிரைவருக்குச் சொல்லும் யோசனை, அவ்வளவுதான். நம் ஊரில் போடும் முக்கால்வாசிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

டச்சுக்காரர்கள் பிறக்கும்போதே இப்படி இருக்கவில்லை. 1950, 60களில் கார் பெருகியபோது பழைய பாதைகளைப் பெயர்த்தெடுத்துச் சாலையை அகலமாக்கினார்கள். 1971ஆம் ஆண்டில் மட்டும் அந்தச் சின்ன நாட்டில் 3,000க்கும் மேற்பட்டோர் சாலையில் இறந்தார்கள். அவர்களில் 400க்கும் மேல் குழந்தைகள். மகளை அப்படி இழந்த விக் லாங்கன்ஹாஃப் என்ற பத்திரிகையாளர் 1972ல் எழுதிய கட்டுரையின் தலைப்பு, ‘குழந்தைக் கொலையை நிறுத்து’. அதுவே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. பெற்றோரும் பிள்ளைகளும் தெருவை மறித்தார்கள். 1973 எண்ணெய் நெருக்கடியில் அரசே ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓடக் கூடாது என்றது. இந்த முறை பாதை கேட்டவர்கள் சைக்கிளில் போகிறவர்களும் அவர்கள் பெற்றோரும். 1934ல் வெஸ்டர்ன் அவென்யூவில் நடந்ததற்கும் இதற்கும் வித்தியாசம் அதுதான்.

சரி, கல்விளிம்பு வைத்துவிட்டால் டிராக் ஆகிவிடுமா? முதலில் அகலம். ஒருவழிப் பாதைக்கே 2 மீட்டராவது வேண்டும். காய்கறி மூட்டை கட்டிய சைக்கிளைப் பள்ளிக்கூடத்துப் பெண் முந்திப் போக அந்த இடம் தேவை. அப்புறம் கார் கதவு. பாதையை ஒட்டிக் கார் நிறுத்த விட்டால் திறக்கும் கதவு ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளும். அந்த இடைவெளியை விடாமல் போட்ட கோடு, சைக்கிள்காரரைக் கதவில் மோதவே அழைத்துப் போகிறது. பஸ் நிறுத்தம் வந்தால் பாதை நிழற்குடைக்குப் பின்னால் சுற்றிப் போக வேண்டும். சாக்கடை மூடி பாதை நடுவில் துருத்திக்கொண்டிருக்கக் கூடாது. பைக் நுழையாமல் இருக்கக் கம்பம் நடுகிறார்கள். அந்த இடைவெளியில் பைக் நுழைந்துவிடும், மாற்றுத்திறனாளியின் மூன்று சக்கர வண்டிதான் நுழையாது.

எல்லாவற்றையும்விட முக்கியம் சந்திப்பு. நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம். நேராகப் போகும் சைக்கிளும் இடது பக்கம் திரும்பும் லாரியும் ஒன்றாகக் கிளம்பினால், சைக்கிள் லாரியின் முன்கதவுக்குக் கீழே, டிரைவர் கண்ணுக்கே தெரியாத இடத்தில் இருக்கும். லாரி ஒடிக்கும்போது பின்சக்கரம் மூலையை அறுத்துக்கொண்டு உள்ளே வரும். டச்சுக்காரர்கள் இதற்குக் கண்ட வழி எளிமையானது. மூலையில் ஒரு சின்னத் திட்டு கட்டுகிறார்கள். சைக்கிள் பாதை அந்தத் திட்டுக்குப் பின்னால், மூலையிலிருந்து ஒரு கார் நீளத்துக்கு, சுமார் 5 மீட்டர், விலகிக் குறுக்கே போகிறது. திரும்பும் வண்டி முதலில் முழுதாகத் திரும்பி முடித்துவிடும். சைக்கிள் அப்போது பக்கவாட்டில் இருக்காது, முன்கண்ணாடிக்கு நேர் எதிரே இருக்கும். நிற்கவும் அங்கே இடம் உண்டு. நம் ஊரில் கோடு சந்திப்புக்கு இருபதடி முன்னாலேயே மறைந்துவிடுகிறது. எங்கே உயிருக்கு ஆபத்தோ, அங்கே சரியாகக் காணாமல் போகிறது.

இப்போது தமிழ்ச் சொல். ‘மிதிவண்டிப் பாதை’ என்பதைப் பொதுப்பெயராக விட்டுவிடலாம், அதை மாற்ற வேண்டியதில்லை. பிரித்துக் கட்டியதற்கு மிதிவண்டித் தடம். சுவட்டிலிருந்து வழிக்கு வந்த சொல் என்பதால் டிராக்குக்குச் சரியாகப் பொருந்துகிறது, சைக்கிள் தடம் என்று பேச்சிலும் இயல்பாக வருகிறது. பஸ் ‘வழித்தடம்’ என்பதோடு குழம்புமே என்று கேட்கலாம். அங்கே அது ரூட்டைக் குறிக்கிறது, முன்னால் மிதிவண்டி என்று வந்துவிட்டால் குழப்பம் வராது. வேண்டுமானால் தனித்தடம் என்று அழுத்திச் சொல்லலாம். இட்டேரி என்றே வைத்துவிட எனக்கு ஆசைதான். ஆனால் திருநெல்வேலிக்காரருக்கு அகராதி தேவைப்படும்.

கோடு போட்டு ஒதுக்கியதற்கு, அதாவது லேனுக்கு, ‘வழி’ என்று சொல்லத் தோன்றும். நான்கு வழிச்சாலை என்கிறோமே. ஆனால் ‘மிதிவண்டி வழி’ என்றால் எதைச் சொல்கிறோம் என்றே விளங்காது. நான் எழுத விரும்புவது மிதிவண்டிப் பட்டை. டச்சுக்காரர்களின் ஸ்ட்ரோக்கும் அதேதான். பெயிண்ட் அடித்த ஒரு பட்டை, அதற்கு மேல் ஒன்றும் இல்லை என்பதை அந்தச் சொல் மறைக்காமல் சொல்கிறது. தடம் என்று அறிவித்துவிட்டுப் பட்டை போட்டால் அதற்கும் தமிழில் பெயர் தயாராக இருக்கிறது: பட்டை நாமம்.

சென்னை மாநகராட்சி 2014ல் மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. போக்குவரத்துச் செலவில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் என்று அதில் எழுதினார்கள். அந்த மாதிரி ஆவணங்களின் தமிழ் வடிவத்தில் எத்தனை கிலோமீட்டர் தடம், எத்தனை கிலோமீட்டர் பட்டை என்று தனித்தனியாக எழுத வைத்தால், வார்டு கூட்டத்தில் கணக்குக் கேட்பது சுலபம்.

இன்னொரு சொல்லும் வேண்டும். மயிலாப்பூர் மாட வீதிகளை ஒட்டிய சந்துகளிலோ மதுரை மாசி வீதிகளுக்குள் இருக்கும் தெருக்களிலோ தடம் கட்ட இடமே கிடையாது. இப்படிப்பட்ட இடத்துக்கு டச்சில் ‘ஃபீட்ஸ்ட்ராட்’, ஜெர்மனில் ‘ஃபாராட்ஷ்ட்ராஸெ’. நேர் தமிழில் மிதிவண்டித் தெரு. தெரு முழுக்கச் சைக்கிளுக்கு. கார் வரலாம், ஆனால் சைக்கிளின் வேகத்துக்கு அடங்கி வர வேண்டும். ஜெர்மனியில் 30 கிலோமீட்டர் வேகம்தான் உச்சம், இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் பேசிக்கொண்டே ஓட்டலாம். பெல்ஜியத்தில் 2012 முதல் இந்தத் தெருவில் சைக்கிளைக் கார் முந்தவே கூடாது. நெதர்லாந்தில் தெருமுனைப் பலகையில் ‘ஆட்டோ டெ ஹஸ்ட்’ என்று எழுதியிருப்பார்கள். அங்கே ஆட்டோ என்றால் கார், ‘ஹஸ்ட்’ என்றால் விருந்தாளி. தமிழில் அந்தப் பலகைக்கு ‘கார் இங்கே விருந்தாளி’ என்று எழுதினால் போதும். ஆட்டோ என்ற சொல்லை மட்டும் அப்படியே எடுத்து எழுதிவிட வேண்டாம், ஸ்டாண்டில் சண்டை வந்துவிடும்.