சஸ்டெயினபிலிட்டி: தமிழில் என்ன சொல்வது?

பெங்களூரு அல்சூரில் இருக்கும் அக்கா மகளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. சஸ்டெயினபிலிட்டி அண்ட் பப்ளிக் பாலிசி அசோசியேட். "பாலிசின்னா எல்.ஐ.சி.யாடி?" என்றார் பாட்டி. இல்லை, அரசின் பொதுக் கொள்கை என்று சொல்லிச் சமாளித்தோம். முதல் சொல்லில்தான் மாட்டிக்கொண்டோம்.

அதன் லத்தீன் வேர் 'சஸ்டினேரே'. விழாமல் கீழிருந்து தாங்கிப் பிடிப்பது என்று பொருள். ஆனால் இன்றைய பொருள் காட்டிலிருந்து வந்தது. ஜெர்மனியின் சாக்சனியில் வெள்ளி உருக்கும் உலைகளுக்கு வெட்டி வெட்டியே மரத்துக்குத் தட்டுப்பாடு வந்தது. சுரங்க நிர்வாகத் தலைவர் ஹான்ஸ் கார்ல் வான் கார்லோவிட்ஸ் 1713-ல் ஒரு நூல் எழுதினார்: வெட்டினால் நடவும் வேண்டும், காடு தொடர்ந்து பயன்தரும்படி எடுக்க வேண்டும். 1987-ல் ஐ.நா.வின் ப்ருன்ட்லாண்ட் ஆணையம் இந்தக் கணக்கை மரத்திலிருந்து மொத்த வளர்ச்சிக்கும் நீட்டியது. இன்றைய தேவை தீர வேண்டும், வருகிற தலைமுறை தன் தேவையைத் தீர்த்துக்கொள்ளவும் வழி இருக்க வேண்டும்.

இதைக் கேட்டதும் ஆரணிப் பக்கத்திலிருந்து வந்த பாட்டி, "வெத நெல்ல குத்தித் திங்காதன்னு சொல்ற வேலையா?" என்றார். அதேதான்.

சரி, தமிழ்ச் சொல்? 'நிலைத்தன்மை' பரவலாக இருக்கிறது, எனக்கு ஒப்பவில்லை. ஆட்சி கவிழாமல் இருப்பதற்கும் அதே சொல்தான். 'நிலைத்தன்மை அலுவலர்' என்றால் கட்டடம் சாயாமல் பார்ப்பவர் போலிருக்கிறது. கன்னடத்தில் சொல்லும் 'சுஸ்திர அபிவிருத்தி'யிலும் இந்த அசையாத தன்மைதான் முன்னால் நிற்கிறது. 'நீடித்த வளர்ச்சி' காலத்தைச் சொல்கிறது, வளத்தைச் சொல்லவில்லை. இலங்கையில் புழங்கும் 'பேண்தகு' அழகான சொல். ஆனால் பேணத் தக்கது எது என்று இன்னொரு கேள்வி வருகிறது.

என் ஓட்டு 'வளங்குன்றா வளர்ச்சி'க்கு. எது குறையக் கூடாது என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. தனிப் பெயராக வேண்டுமா, 'வளங்குன்றாமை'. கோலார் கிராமங்களில் ஆழ்துளைக் கிணறுகளைக் கணக்கெடுக்கப் போகிறவளுக்கு இது பொருந்தும். பங்குச் சந்தையில் பட்டியலிட்டவற்றில் சந்தை மதிப்பில் முதல் 1000 நிறுவனங்கள், சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிப்படி 2022-23 முதல் கட்டாயமாகத் தரும் சஸ்டெயினபிலிட்டி அறிக்கைக்கும் பொருந்தும். இந்த வேலைகள் பெருகியதில் அந்த அறிக்கைக்கும் பங்கு உண்டு.

அவளுடைய விசிட்டிங் கார்டில் என்னவோ இன்னும் ஆங்கிலம்தான். பாட்டி பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டார்: "வெத நெல்லு ஆபீசர்."