வேரியன்ட் என்றால் திரிபு: எச்பிவி 16 வைரஸும் கர்ப்பப்பை வாய் புற்றின் ரெண்டு முகமும்

வேரியன்ட்ங்கற சொல்லு கொரோனா காலத்துலதான் நம்ம வீட்டுக்குள்ள வந்துச்சு, அவசரத்துல பத்திரிகைல எல்லாம் "உருமாறிய கொரோனா"ன்னு போட்டாங்க, டிவிலயும் அதையே சொன்னாங்க, அப்படியே நிலைச்சுப் போச்சு. கொரோனாவுக்கு அது ஓரளவு பொருந்தவும் செஞ்சுது, ஏன்னா அது நம்ம கண்ணு முன்னாடியே மாசத்துக்கு மாசம் மாறிக்கிட்டு இருந்த வைரஸ். ஆனா கர்ப்பப்பை வாய் புற்றுநோயை உண்டாக்குற எச்பிவி பத்திப் பேசும்போது அதே "உருமாறிய"வை தூக்கிட்டு வந்தா அர்த்தமே கெட்டுப் போகும். எச்பிவில இருக்குற வேரியன்ட் எல்லாம் நேத்து முளைச்சது இல்ல, லட்சக்கணக்கான வருசமா மனுசங்க கூடவே வந்துக்கிட்டு இருக்குற பழைய பரம்பரைங்க. அதனால இந்த சொல்லை கொஞ்சம் நிதானமா பார்ப்போம்.

மூலம் லத்தீன். "வாரியுஸ்"னா பல நிறமான, வேற வேறயான அப்படின்னு பொருள், அதுல இருந்து "வாரியாரே", அதாவது மாத்துறது, வேறுபடுத்துறது. வெரைட்டிங்கறதும் அதே வேர்தான். ஆக வேரியன்ட்ங்கறதுக்குள்ள "ஒரே பொருள், கொஞ்சம் வேற மாதிரி"ங்கற எண்ணம் மட்டும்தான் இருக்கு, இப்பதான் மாறிச்சுங்கற அர்த்தமோ ஆபத்துங்கற அர்த்தமோ கிடையாது.

தமிழ்ல இதுக்கு மாறுபாடு, வேற்றுரு, மாற்றுரு, திரிபுன்னு பல சொல் புழக்கத்துல இருக்கு. என் ஓட்டு திரிபுக்குத்தான். சிலர் வேண்டாம்பாங்க, "பால் திரிஞ்சு போச்சு"ன்னும் "சொன்னதை திரிச்சு சொல்றான்"னும் சொல்றோம்ல, அதனால கெட்டுப்போனதுங்கற வாடை அடிக்குதும்பாங்க. நியாயம்தான், ஆனா இலக்கணத்துல அந்த வாடையே கிடையாது. நன்னூல்ல புணர்ச்சி விகாரம் மூணு, தோன்றல், திரிதல், கெடுதல். வாழையும் பழமும் சேர்ந்தா நடுவுல ஒரு "ப்" வந்து வாழைப்பழம் ஆகுது, இது தோன்றல். பொன்னும் குடமும் சேர்ந்தா "ன்" போய் "ற்" ஆகி பொற்குடம், இது திரிதல். மரமும் வேரும் சேர்ந்தா "ம்" விழுந்து மரவேர், இது கெடுதல். இப்ப டிஎன்ஏல நடக்குற சின்ன மாற்றங்களைப் பாருங்க, ஒரு எழுத்து புதுசா நுழையும், இல்ல ஒண்ணுக்கு பதிலா இன்னொண்ணு உக்காரும், இல்ல ஒண்ணு காணாம போகும், அதே மூணுதான்! இலங்கைல உயிரியல் பாடத்துல மியூட்டேஷனை விகாரம்னே எழுதுறாங்க, தமிழ்நாட்டு பாடப்புத்தகத்துல சடுதி மாற்றம்னு வரும். எனக்கு இலங்கைக்காரங்க சொல்லு ரொம்பப் பிடிக்கும், ஏன்னா "சடுதி"ன்னா திடீர்னு, எல்லா விகாரத்துக்கும் அந்த திடீர் தேவையே இல்ல.

ஒண்ணை மட்டும் குழப்பிக்கக் கூடாது. விகாரங்கறது ஒரு நிகழ்ச்சி, ஒரு எழுத்துல நடக்குற மாற்றம். திரிபுங்கறது அந்த மாதிரி பல விகாரத்தை சுமந்துக்கிட்டு நிக்கிற வைரஸ் வடிவம். பழைய ஓலைச்சுவடிகளோட பாடபேதத்தை வச்சு யோசிச்சா சட்டுனு புரியும், ஏடு பெயர்த்து எழுதுறவர் ஒரு இடத்துல ஒரு எழுத்தை மாத்தி எழுதிட்டா அந்த ஏட்டைப் பார்த்து எழுதின எல்லா ஏட்டுலயும் அதே மாற்றம் தொடரும், அதனால ஒரே மாற்றம் இருக்குற ஏடுகளை ஒண்ணா வச்சு இது எந்தக் குடும்பத்து ஏடுன்னு பதிப்பாசிரியர் கண்டுபிடிப்பார். வைரஸ் ஆராய்ச்சில செய்யறதும் இதேதான். அந்தக் குடும்பத்துக்கு லினியேஜ்னு பேரு, தமிழ்ல கொடிவழின்னு அழகான சொல் ஏற்கனவே இருக்கு, அதுக்குள்ள பிரியறதை கிளைவழின்னு சொல்லிக்கலாம்.

இனி எச்பிவிக்கு வருவோம். ஹியூமன் பாப்பிலோமா வைரஸ், இதுல 200க்கு மேல வகை இருக்கு. எல்1ங்கற ஜீன்ல 10 சதவீதத்துக்கு மேல வித்தியாசம் இருந்தா அது தனி வகை, அதுக்குத்தான் 16, 18னு நம்பர். ஒரே வகைக்குள்ள முழு ஜீனோம்லயும், அதாவது வைரஸோட மொத்த டிஎன்ஏ எழுத்துலயும், 1ல இருந்து 10 சதவீதம் வரை வித்தியாசம்னா கொடிவழி, 0.5ல இருந்து 1 சதவீதம்னா கிளைவழி. ஜெர்மனிக்காரர் ஹரால்ட் சுர் ஹவுசனோட குழு கர்ப்பப்பை வாய் புற்றுல இருந்து 16ஆம் வகையைப் பிரிச்செடுத்தது 1983ல, அடுத்த வருசம் 18, அதுக்காக 2008ல அவருக்கு நோபல் பரிசு கிடைச்சுது. உலகத்துல வர்ற கர்ப்பப்பை வாய் புற்றுல சுமார் 70 சதவீதத்துக்கு இந்த ரெண்டு வகைதான் காரணம், அதுலயும் பெரும்பங்கு 16ஓடது.

16ஆம் வகைக்குள்ள நாலு கொடிவழி, ஏ, பி, சி, டி. முன்னாடி ஐரோப்பிய திரிபு, ஆப்பிரிக்க திரிபு, ஆசிய-அமெரிக்க திரிபுன்னு ஊர் பேரால கூப்பிட்டாங்க, இப்ப எழுத்தால கூப்பிடுறாங்க, நல்லது, ஒரு நோய் ஒரு மக்கள் தலையில போய் உக்காரக் கூடாது. ஏ கொடிவழி மத்த மூணுல இருந்து பிரிஞ்சு சுமார் 5 லட்சம் வருசம் ஆகுதுன்னு கணக்கு போட்டிருக்காங்க, நியாண்டர்தால் மனுசங்ககிட்ட இருந்து நம்ம முன்னோருக்கு தொத்தினதா இருக்கலாம்னு ஒரு கருத்தும் இருக்கு. இவ்வளவு மெதுவா மாறக் காரணம் இது டிஎன்ஏ வைரஸ், நம்ம செல்லுக்குள்ள இருக்குற நகலெடுக்கற கருவியையே பயன்படுத்திக்குது, அந்தக் கருவி எழுதினதை சரிபார்த்து தப்பைத் திருத்துற கருவி. கொரோனாவோட வேகத்தை இதுகூட ஒப்பிடவே முடியாது.

சரி, இந்தத் திரிபுக்கும் புற்றுக்கும் என்ன சம்பந்தம்? அதுக்கு முன்னாடி கர்ப்பப்பை வாய் புற்றுங்கறது ஒரே நோய் இல்லன்னு தெரியணும். ரிப்போர்ட்ல "ஸ்குவாமஸ் செல் கார்சினோமா"ன்னு ஒண்ணு வரும், "அடினோகார்சினோமா"ன்னு ஒண்ணு வரும், பல குடும்பத்துல அதை கையில வச்சுக்கிட்டு என்னன்னு தெரியாம கலங்கிப் போயிடறாங்க. கார்சினோமாவோட வேர் கிரேக்கத்துல நண்டு. ஸ்குவாமான்னா லத்தீன்ல செதிள், கர்ப்பப்பை வாயோட வெளிப்பக்கத்தை மூடியிருக்குற தட்டையான செல்லுல வர்ற புற்று, அதனால செதிள் செல் புற்று. அடினோன்னா கிரேக்கத்துல சுரப்பி, உள்ள இருக்குற குழாய்ப் பக்கம் சளி மாதிரி சுரக்குற செல்லுல வர்றது, இதை சுரப்பிப் புற்றுன்னு சொல்லலாம். செதிள் வகைதான் ரொம்ப அதிகம். சுரப்பி வகை குறைவு, ஆனா குழாய்க்குள்ள ஒளிஞ்சு வளர்றதால, கர்ப்பப்பை வாய் செல்லை சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்ல பார்க்குற பாப் டெஸ்ட்டுல பல நேரம் தப்பிச்சுடும்.

2016ல அமெரிக்க தேசிய புற்றுநோய் நிறுவனத்தைச் சேர்ந்தவங்க கலிபோர்னியால சுமார் 3,200 பெண்கள்கிட்ட இருந்த 16ஆம் வகை வைரஸோட முழு ஜீனோமையும் படிச்சாங்க. டி2, டி3, அப்புறம் ஆசியால அதிகம் காணப்படுற ஏ4, இந்தக் கிளைவழி இருந்தவங்களுக்கு சுரப்பிப் புற்று வர்ற வாய்ப்பு சாதாரண ஏ1, ஏ2 இருந்தவங்களை விட ரொம்ப அதிகம், டி2வுல அது நூறு மடங்கையும் தாண்டிச்சு. அந்த நம்பரை மட்டும் பிடிச்சுக்கிட்டு பயப்பட வேணாம், சுரப்பிப் புற்று வந்தவங்க எண்ணிக்கை சின்னது, அதனால கணக்கு மேலயும் கீழயும் நல்லா ஆடும். ஆனா திசை தெளிவு, ஒரே வகை வைரஸ்தான், கொடிவழி வேறன்னா எந்த செல்லுல புற்று வருதுங்கறதே மாறுது. இது எனக்கு இப்பவும் பிரமிப்பா இருக்கு, ஏன்னா மொத்தமே 7,900 எழுத்து சொச்சம்தான் அந்த ஜீனோம், அதுல ரொம்பக் கொஞ்சம்தான் வித்தியாசம். டி கொடிவழில ஈ6ங்கற புரதத்துல 14, 78, 83ன்னு மூணு இடத்துல அமினோ அமிலம் மாறியிருக்கும், ஈ6தான் நம்ம செல்லைக் காப்பாத்துற பி53 புரதத்தை அழிக்கறது.

அடுத்த வருசமே அதே ஆராய்ச்சிக்காரங்க இதோட மறுபக்கத்தையும் காட்டினாங்க. இந்தத் தடவை 5,570 பேரோட மாதிரி. வைரஸ்ல எங்கெங்கயோ விகாரம் இருக்கு, ஆனா புற்றா மாறினவங்ககிட்ட ஈ7ங்கற ஜீன் மட்டும் கிட்டத்தட்ட ஒரு எழுத்து கூட திரியாம இருந்துச்சு. புற்று வராதவங்ககிட்டதான் ஈ7ல அங்கங்க மாற்றம். அதாவது ஈ7 திரிஞ்சா வைரஸால புற்றை உண்டாக்க முடியல, நூத்துக்கு கொஞ்சம் கம்மியா 98 அமினோ அமிலம் இருக்குற அந்தப் புரதம் ஆர்பிங்கற கட்டுப்பாட்டுப் புரதத்தை சரியா பிடிக்கணும்னா அது அச்சு அசலா இருக்கணும். மருந்து தேடுறவங்களுக்கு இது எவ்வளவு பெரிய சேதி, மாறவே முடியாத ஒரு இடம் எதிரிகிட்ட இருக்கு.

தடுப்பூசி விஷயத்துலதான் சொல்லுத் தேர்வு நேரா ஆளைப் பாதிக்கும். "உருமாறிய எச்பிவி"ன்னு ஒரு தலைப்பைப் பார்த்தா எந்த அம்மாவுக்கும் "அப்ப ஊசி வேலை செய்யாதா"ன்னுதான் முதல்ல தோணும், கொரோனால அப்படித்தானே பழகிட்டோம். எச்பிவி 16ல எந்தக் கொடிவழியா இருந்தாலும் நோய் எதிர்ப்பு சக்தி அதை ஒரே வைரஸாத்தான் பார்க்குது, அதனால ஊசி ஏ, பி, சி, டி நாலுக்கும் சேர்த்துத்தான் வேலை செய்யும். 2023ல வந்த நம்ம நாட்டு எச்பிவி ஊசி செர்வாவாக்லயும் 16, 18 ரெண்டும் இருக்கு. பொம்பளைப் பிள்ளைங்களுக்கு 9 வயசுல இருந்து 14க்குள்ள போட்டா ரொம்ப நல்லது.

பரிசோதனைலயும் ஒரு விஷயம். அசிட்டிக் அமிலம் தடவி கண்ணால பார்க்குற முறை திண்டுக்கல் மாவட்டத்துல பெரிய அளவுல சோதிக்கப்பட்டது, 2007ல வந்த முடிவுல கர்ப்பப்பை வாய் புற்றால வர்ற சாவு 35 சதவீதம் குறைஞ்சுது, இன்னைக்கும் அது நிறைய உயிரைக் காப்பாத்துது. ஆனா அந்த முறையால குழாய்க்குள்ள எட்டிப் பார்க்க முடியாது, அங்கதான் சுரப்பிப் புற்று ஆரம்பிக்குது. எச்பிவி டிஎன்ஏ டெஸ்ட் செல்லைப் பார்க்கறதில்ல, வைரஸையே தேடுது, எந்தக் கொடிவழியா இருந்தாலும் 16ஆம் வகைன்னா பிடிச்சுடும், உலக சுகாதார நிறுவனமும் 2021ல இருந்து 30 வயசுக்கு மேல 5லருந்து 10 வருசத்துக்கு ஒரு தடவை இதையே முதல் டெஸ்ட்டா எடுக்கச் சொல்லுது. வீட்டுல அக்கா, அம்மா, சித்தின்னு யார் இருந்தாலும் டாக்டர்கிட்ட இந்த டெஸ்ட் பேரைச் சொல்லியே கேளுங்க.