மோட்டார் மேல் பழி போடுவதற்கு முன்

இரண்டு அங்குலத் தடிமனில் ஒரு வேங்கைப் பலகை. டேபிள் சாவில், அதாவது மேஜை நடுவே வட்ட பிளேடு சுழலும் மின் ரம்பத்தில், வைத்து நீளவாக்கில் தள்ளுகிறேன். முதல் இரண்டு சாண் ஒழுங்காகப் போனது. பிறகு சத்தம் கனத்தது, தாழ்ந்தது, தீய்ந்த வாசனை மூக்கில் ஏறியது. அடுத்த நொடி பிளேடு நின்றுவிட்டது. உள்ளே மோட்டார் மட்டும் "ம்ம்ம்" என்று முனகிக்கொண்டிருந்தது.

பாய்ந்து சுவிட்சை அணைத்தேன். அந்த முனகல் ஆபத்தானது. சுற்ற முடியாமல் நிற்கும் மோட்டார், வழக்கமாக இழுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். கம்பிச்சுருளில் உண்டாகும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பதால், ஆறு மடங்கு மின்னோட்டம் என்றால் முப்பத்தாறு மடங்கு சூடு. சில விநாடிகள் விட்டால் காப்பு வார்னிஷ் கருகத் தொடங்கிவிடும்.

மோட்டாருக்குச் சக்தி பத்தவில்லை என்றுதான் முதலில் தோன்றும். நானும் அதை நம்பி, மோட்டார் கிளம்ப உதவும் கெப்பாசிட்டரை மாற்றினேன், மோட்டாரிலிருந்து பிளேடைச் சுழற்றும் பெல்ட்டை இறுக்கினேன். பலகை அதே இடத்தில் நின்றது. பிறகுதான் கேள்வியையே மாற்றிக் கேட்டேன்: மோட்டார் தரும் சக்தி எங்கே போகிறது? அறுப்பதற்கா, உரசுவதற்கா?

எதையும் கழற்றுவதற்கு முன் காதைத் தீட்டிக்கொள்வது நல்லது. பிளேடு நிற்கும்போது மோட்டார் சத்தம் குறையாமல் ஓடி, ரப்பர் வாசனையும் வந்தால், பெல்ட் வழுக்குகிறது. அல்லது பிளேடைப் பிடிக்கும் நட்டு தளர்ந்திருக்கிறது. அதோடு விசாரணை முடிந்தது. மோட்டாரும் சேர்ந்து அடங்கினால், அதன் வகையைப் பொறுத்து கதை மாறும். கையில் தூக்கிப் போகிற சிறிய டேபிள் சாக்களில் கார்பன் பிரஷ் வைத்த யுனிவர்சல் மோட்டார் இருக்கும். சுமை ஏற ஏற அது வேகத்தை இழந்துகொண்டே வரும். கூச்சல் படிப்படியாகக் கீழே இறங்குவதைக் கேட்கலாம். பெரிய சாக்களில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார், 1888-ல் நிக்கோலா டெஸ்லா காப்புரிமை பெற்ற அதே வகை. இது அழுத்தக்காரன். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நிமிடத்துக்கு 2,900 சுற்றுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே ஓடும். சுமை ஏற்றினாலும் வேகத்தை லேசில் விட்டுக்கொடுக்காது. ஆனால் தாங்கும் முறுக்குவிசைக்கு, அதாவது சுழற்றும் பலத்துக்கு, ஓர் உச்சம் உண்டு. பெரும்பாலும் அது முழுச் சுமையில் தரும் முறுக்குவிசையைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு. அந்த உச்சத்தைத் தாண்டினால் வேகம் குறையும், வேகம் குறைந்தால் முறுக்குவிசையும் குறையும், அதனால் வேகம் இன்னும் குறையும். மலை உச்சியைத் தாண்டிய வண்டி மாதிரி, ஒரே சரிவு. 'நல்லாத்தான் ஓடிச்சு, பட்டுனு நின்னுடுச்சு' என்று சொல்ல வைப்பது இந்தக் குணம்தான்.

இனி பல்லைப் பார்ப்போம். குற்றவாளி அதிகமும் ஒளிந்திருக்கும் இடம் அது.

என் சாவில் மாட்டியிருந்தது 80 பல் பிளேடு. பல் அதிகம் என்றால் நன்றாக அறுக்கும் என்ற எண்ணம். பிளைவுட்டுக்கும் குறுக்குவாட்டு அறுப்புக்கும் அது சரிதான். வெட்டு கண்ணாடி போல வரும். தடித்த மரத்தை நீளவாக்கில் அறுக்க அது தண்டனை. கணக்குப் போட்டால் தெரியும். பிளேடு நிமிடத்துக்கு 4,000 சுற்று, பலகை நிமிடத்துக்கு 3 மீட்டர் நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். 24 பல் பிளேடில் ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடையே பலகை 0.03 மில்லிமீட்டர் முன்னேறும். 80 பல்லில் 0.009 மில்லிமீட்டர்தான். பயந்து மெதுவாகத் தள்ளினால் அது 0.003-க்கும் இறங்கும். பல்லின் நுனியில் ஒட்டியிருக்கும் மிகக் கடினமான கார்பைடு முனை எவ்வளவு கூராக இருந்தாலும் அதன் விளிம்பு, நுண்ணளவில் பார்த்தால், சில மைக்ரான் (ஒரு மைக்ரான் 0.001 மில்லிமீட்டர்) வளைவுள்ள ஓர் உருண்டை ஓரம். செதுக்க வேண்டிய சீவல் அந்த வளைவைவிட மெலிதாக இருந்தால் பல் மரத்துக்குள் நுழையாது. மேலே ஏறி உரசிவிட்டுப் போகும். அந்த உரசல்தான் தீய்ச்சல் கோடு. சா திணறுகிறதே என்று தள்ளுவதை மெதுவாக்குவது ஓரளவுக்குத்தான் உதவும்; அதற்கும் கீழே போனால் நாமே சூடேற்றிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்று, மரத்துக்குள் ஒரே நேரத்தில் எத்தனை பல் இருக்கிறது என்பது. பத்து அங்குல பிளேடு, 50 மில்லிமீட்டர் பலகை, பிளேடு பலகைக்கு மேல் 5 மில்லிமீட்டர் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறது என்றால் 24 பல்லில் இரண்டோ மூன்றோ மரத்தைக் கடித்துக்கொண்டிருக்கும். 80 பல்லில் ஒன்பது. சீவலை வெளியே சுமந்து வருவது பல்லுக்கு முன்னால் உள்ள பள்ளம். 24 பல் பிளேடில் அந்தப் பள்ளம் விரல் நுனி அளவுக்கு ஆழம். 80 பல்லில் ஒரு கீறல் மாதிரி. நீளவாக்கில் அறுக்கும்போது நார்கள் நூல் நூலாக வரும். அவை பள்ளத்தில் அடைத்துக்கொண்டு, மரத்துக்கும் பிளேடுக்கும் நடுவே சுற்றிச் சுற்றி அரைபடும்.

சந்தேகம் இருந்தால் மேஜைக்கு அடியில் விழுந்த தூளைக் கையில் எடுத்துப் பாருங்கள். மாவு மாதிரி நைசாக, பழுப்பேறி இருந்தால் பிளேடு அரைத்திருக்கிறது. சுருள் சுருளாக, சொரசொரப்பாக இருந்தால் அறுத்திருக்கிறது.

பல் மழுங்கியிருக்கிறதா என்று பார்க்க, பிளக்கைப் பிடுங்கிவிட்டு பிளேடைக் கழற்றி விளக்கடியில் திருப்புங்கள். கூரான விளிம்பு ஒளியைத் திருப்பி அனுப்பாது, அனுப்ப அங்கே பரப்பே இல்லை. மழுங்கிய முனையில் வெள்ளி இழை மாதிரி ஒரு கோடு மின்னும். 1920-களில் ஜெர்மனியின் குருப் நிறுவனம் டங்ஸ்டன் கார்பைடுக் கலவையை விற்க வந்தபோது 'விடியா' என்று பெயர் வைத்தது. ஜெர்மன் மொழியில் 'வைரம் போல' என்பதன் சுருக்கம். வைரம் போல இருந்தாலும் தேக்கு அதைத் தேய்த்துவிடும். தேக்குக்குள் சிலிக்கா துகள்கள் உண்டு. பல்லின் பக்கவாட்டில் கறுப்பாகப் பிசின் படிந்திருந்தால் அதையும் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்து எடுங்கள். மழுங்கிவிட்டது என்று ஒதுக்கும் பிளேடுகளில் சில வெறும் அழுக்குப் பிளேடுகள்.

பிளேடின் உயரமும் சுமையை மாற்றும். மேலே சொன்ன 5 மில்லிமீட்டர் நீட்டலில் ஒவ்வொரு பல்லும் மரத்துக்குள் 87 மில்லிமீட்டர் வில்லாகப் பயணிக்கும். பலகைக்கு மேல் 25 மில்லிமீட்டர் வரை உயர்த்தினால் அது 65-ஆகச் சுருங்கும், சூடும் குறையும். ஆனால் விரலுக்குப் பக்கத்தில் சுழலும் பல்லும் அதிகமாகும், அதனால் காப்பு மூடியும் தள்ளுகட்டையும் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். சக்தி உண்மையிலேயே குறைவென்றால், 3.2 மில்லிமீட்டர் அகலத்தில் வெட்டும் பிளேடுக்குப் பதில் 2.4 மில்லிமீட்டர் அகலத்தில் வெட்டும் மெல்லிய பிளேடு போட்டால் எடுக்க வேண்டிய மரத்தில் கால் பங்கு அங்கேயே மிச்சம்.

மின்சாரத்தையும் பார்த்துவிடுவோம். 30 மீட்டர் நீளம், 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி உள்ள எக்ஸ்டென்ஷன் வயருக்குப் போகவும் வரவுமாகச் சுமார் ஓர் ஓம் தடை. சா சும்மா ஓடும்போது இது கண்ணில் படாது. திணறும் நேரத்தில் மோட்டார் 40 ஆம்பியர் இழுத்தால், வயரே 40 வோல்ட்டைத் தின்றுவிடும். 230-ல் 190-தான் மோட்டாரைச் சேரும். இண்டக்‌ஷன் மோட்டாரின் முறுக்குவிசை மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆக கிடைப்பது மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றே அதிகம். பலம் தேவைப்படும் அந்த ஒரு நொடியில் பலத்தைப் பறிக்கிறது வயர். சாவைச் சுவர் சாக்கெட்டில் நேராகச் செருகி ஒரு தடவை அறுத்துப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

நின்றுபோன பிறகு ஒரு எச்சரிக்கை. சில மோட்டார்களில் வெப்பக் காப்பு சுவிட்ச் ஆறியதும் தானாகவே திரும்ப இணைந்துகொள்ளும். சுவிட்ச் போட்டபடியே இருந்து, நாம் குனிந்து பலகையை உருவிக்கொண்டிருக்கும் நேரத்தில் பிளேடு கிளம்பினால் என்ன ஆகும் என்று விவரிக்க வேண்டியதில்லை. முதலில் சுவிட்ச், அடுத்து பிளக், பிறகுதான் பலகை.

நான் 24 பல் பிளேடை மாட்டினேன். அதே பலகை. சத்தம் கொஞ்சம் கனத்தது, ஆனால் ஓடியது. தூள் சுருளாக விழுந்தது. முக்கால்வாசி போன பிறகு, மறுபடியும் நின்றது!

இந்த முறை பிளேடின் மேல் குற்றமில்லை. பலகையை எடுத்து வெட்டின் அகலத்தை அளந்தேன். பிளேடு நின்ற இடத்தில் 3.2 மில்லிமீட்டர். அறுக்கத் தொடங்கிய முனையில் 2-க்கும் குறைவு. மரம் வளரும்போதும் காயும்போதும் உள்ளுக்குள் இழுவிசை தங்கிவிடும். நீளவாக்கில் பிளந்ததும் இரண்டு பாதிகளும் அந்த இழுவைத் தீர்த்துக்கொள்ளப் பார்க்கும். சில பலகைகள் விரியும். இந்தப் பலகையின் பாதிகளோ ஒன்றையொன்று நோக்கி வளைந்து, பிளேடின் பின்பக்கத்தைக் கிடுக்கி மாதிரி பிடித்துவிட்டன. பலகையை அணைத்துத் தள்ளும் வழிகாட்டிச் சட்டமான ஃபென்ஸ் பின்பக்கம் பிளேடை நோக்கிச் சாய்ந்திருந்தாலும் இதே பிடிதான் விழும். அளந்து பார்த்தேன், ஃபென்ஸ் நேராகத்தான் இருந்தது. நின்றது கூட அதிர்ஷ்டம். பின்பக்கப் பற்கள் மேலே ஏறும் திசையில் சுழல்கின்றன. அவை பலகையைக் கவ்வியிருந்தால் தூக்கி என் வயிற்றை நோக்கி எறிந்திருக்கும், பிளேடின் விளிம்பு வேகத்தில். அது மணிக்கு 190 கிலோமீட்டர்.

இந்தப் பிடியைத் தடுக்கவே பிளேடுக்குப் பின்னால் ஒரு தகடு வரும். வெட்டுக்குள் நுழைந்து இரண்டு பாதிகளையும் சேரவிடாமல் நிற்கும். பிளேடின் உடம்பைவிடத் தடிமனாகவும், வெட்டைவிட மெலிதாகவும் இருக்க வேண்டும். என்னுடையது மேஜை இழுப்பறையில் இருந்தது. இடைஞ்சலாக இருக்கிறது என்று நானே கழற்றி வைத்தது. திரும்ப மாட்டி, வெட்டுக்குள் மர ஆப்பு ஒன்றைச் செருகிவிட்டு, மீதிக் கால்வாசியை அறுத்து முடித்தேன். இரண்டு துண்டுகளையும் பக்கத்தில் வைத்தால் வாழைப்பழம் மாதிரி வளைவு. மேஜைக்கால் செய்ய எடுத்த பலகை. வளைவை இழைத்து எடுத்த பிறகு, சிறிய முக்காலிக்குத்தான் தேறியது.