பாசிட்டிவ் சட்டம்: நேர்மறையா, இடுகுறியா?

அதிகாரத்தோடு ஒருவர் இட்டதே சட்டம், அது நல்லதா கெட்டதா என்பது வேறு என்கிற 'லீகல் பாசிட்டிவிசம்' கொள்கையைத் தமிழில் எழுத உட்காருகிறவர்களுக்குக் கை தானாக 'நேர்மறை' என்ற சொல்லுக்குப் போய்விடும். பாசிட்டிவ் என்றால் நேர்மறை. அப்போது பாசிட்டிவ் லா நேர்மறைச் சட்டம்தானே? படிக்கிறவர் என்ன நினைப்பார்? நல்லதைச் சொல்கிற சட்டம் போலிருக்கிறது என்பார். 'செய்யாதே' என்று தடுப்பதெல்லாம் எதிர்மறைச் சட்டமோ என்று குழம்புவார். இரண்டும் தப்பு. ஹிட்லர் அரசு போட்ட சட்டத்தையும் பாசிட்டிவ் லா என்றுதான் சொல்வார்கள்.

லத்தீனில் 'போனெரே' என்றால் வைத்தல், இடுதல். 'பொசிடும்' என்றால் இடப்பட்டது. அதிலிருந்து வந்த 'பொசிடிவூஸ்' ஒருவர் இட்டதால் உண்டானதைக் குறிக்கும். இந்தச் சொல் சட்டத்துக்கு வருமுன் எங்கே புழங்கியது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. 2ஆம் நூற்றாண்டு ரோமானிய எழுத்தாளர் ஔலுஸ் கெல்லியுஸ், தமக்கு முந்தைய அறிஞர் நிகிடியுஸின் கருத்து ஒன்றைப் பதிவு செய்கிறார்: பெயர்கள் 'பொசிடிவா' அல்ல, 'நாதுராலியா'. அதாவது, பெயர்கள் யாரோ மனம்போல இட்டவை அல்ல, பொருளோடு இயல்பாகவே பொருந்தியவை.

நமக்கு இது பள்ளிக்கூடத்து இலக்கணம். மண், மரம் இடுகுறிப்பெயர். நாற்காலி, பறவை காரணப்பெயர். பெயரைப் பற்றிய அந்தச் சொல்லை 12ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுத் தத்துவவாதி அபெலார் போன்றவர்கள் நீதிக்கும் பயன்படுத்தினார்கள்: இயல்பாக உள்ளது ஒன்று, இடப்பட்டது மற்றொன்று. இந்தியாவில் இடப்பக்கம் வண்டி ஓட்டுகிறோம், அமெரிக்காவில் வலப்பக்கம். எந்தப் பக்கம் என்பது சுத்தமான இடுகுறி. கொலை செய்யாதே என்பதும் அப்படித்தானா என்று கேட்டால்தான் சண்டை.

ஆகவே என் பரிந்துரை 'இடுசட்டம்'. இடுகுறி போலவே வினைத்தொகை. கட்டளையிடுதல், ஆணையிடுதல் என்று அதிகாரத்தோடு ஏற்கெனவே பழகிய வினைதான். 'விதி'யும் வேரளவில் பொருத்தமே. அதன் வடமொழி வேரான 'தா'வுக்கும் வைத்தல் என்றே பொருள். ஆனால் தமிழ்க் காதில் விதி என்றதும் தலைவிதியும் சேர்ந்து விழுகிறது.

சரி, கொள்கைக்கு வருவோம். 1832இல் ஆங்கிலேயச் சட்ட அறிஞர் ஜான் ஆஸ்டின் அதைச் சுருக்கமாகச் சொன்னார்: சட்டம் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி, அது நல்லதா கெட்டதா என்பது வேறு கேள்வி. இடப்பட்டிருந்தால் அது சட்டம், அவ்வளவுதான். கெட்ட சட்டத்துக்கும் கீழ்ப்படி என்று இதற்குப் பொருள் இல்லை, பலரும் வழுக்குவது இங்கேதான். இந்தப் பார்வைக்கு ஆஸ்டினுக்கு முன்னோடியான ஆங்கிலேயத் தத்துவவாதி பெந்தம், இருக்கிற சட்டத்தைத் தாளிக்கத்தான் இந்தப் பிரிவினையைப் பயன்படுத்தினார்.

யாரும் இடாமலே இயல்பாக உள்ள நீதிதான் சட்டத்துக்கு அளவுகோல் என்கிற எதிரணிக்கும் தமிழில் பெயர்ச் சிக்கல் உண்டு. 'இயற்கைச் சட்டம்' என்றால் நியூட்டன் நினைவுக்கு வருகிறார். 'இயற்கை நீதி'யை நீதிமன்றங்கள் வேறொன்றுக்கு எடுத்துக்கொண்டுவிட்டன: இருதரப்பையும் கேள், உன் வழக்குக்கு நீயே நீதிபதியாகாதே. 'இயல்பறம்' என்றால் எனக்குச் சம்மதம்.

இரு அணியும் உரசியது ஜெர்மனியில் நடந்த ஒரு வழக்கில். 1944இல் விடுப்பில் வந்த படைவீரர் ஒருவர் வீட்டில் ஹிட்லரைத் திட்டினார். அவரைத் தொலைத்துக்கட்ட நினைத்த மனைவி போய்க் காட்டிக்கொடுத்தார். மரண தண்டனை விதித்தார்கள். நிறைவேற்றாமல் போர்முனைக்கு அனுப்பினார்கள். 1949இல் மனைவி குற்றவாளிக் கூண்டில் நின்றார். அன்றைய சட்டப்படிதானே செய்தேன் என்பது அவர் வாதம். தாங்கமுடியாத அளவு அநீதியான சட்டம் நீதிக்கு வழிவிட வேண்டும் என்று ஜெர்மன் சட்ட அறிஞர் ராட்புருக் 1946இலேயே எழுதியிருந்தார். பாசிட்டிவிச அணியைச் சேர்ந்த ஆங்கிலேய அறிஞர் ஹார்ட் இதை ஏற்கவில்லை: அது சட்டம்தான், கேவலமான சட்டம், தண்டித்தே ஆகவேண்டுமென்றால் முன்தேதியிட்டு ஒரு சட்டம் போட்டு, செய்வதை ஒளிக்காமல் செய்யுங்கள். எதிரணியில் நின்ற அமெரிக்க அறிஞர் ஃபுல்லரோ, ரகசியமாகவும் முன்தேதியிட்டும் ஆணை போட்ட ஆட்சியில் சட்டம் என்று சொல்ல என்ன மிச்சம் இருந்தது என்று கேட்டார். 1958இல் ஹார்வர்டு சட்ட இதழில் இருவரும் மோதிக்கொண்டார்கள். படிக்கும்போது ஹார்ட்டின் நேர்மை கவர்கிறது. படித்து முடித்தபின் ஃபுல்லரின் கேள்விதான் தங்குகிறது.

இந்தியாவுக்கு இந்தக் கேள்வி நெருக்கடிநிலையில் வந்தது. உயிரையும் தன்னுரிமையையும் காக்கும் அரசியலமைப்பின் 21ஆம் உறுப்பை நிலைநாட்டக் கோரும் உரிமை நிறுத்திவைக்கப்பட்டிருக்கும்போது, காவலில் இருப்பவர் நீதிமன்றம் போகலாமா? 1976 ஏப்ரலில் ஜபல்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நால்வர் முடியாது என்றார்கள். எச்.ஆர். கன்னா மட்டும் மறுத்தார். 2017இல் தனியுரிமை பற்றிய புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பை ஒதுக்கித் தள்ளியது. உயிரும் தன்னுரிமையும் அரசியலமைப்பு படைத்தவை அல்ல, மனிதரிடம் ஏற்கெனவே உள்ளதை அது ஏற்றுக்கொண்டது, அவ்வளவே என்று எழுதினார் அந்த ஒன்பது பேரில் ஒருவரான டி.ஒய். சந்திரசூட். 1976இல் அந்த நால்வரில் ஒருவராக இருந்தவர் அவருடைய அப்பா.