குதிரை டிரெய்லரும் கழற்றி மாட்டும் டோ பாரும்: பிரிட்டன் சட்டம் கேட்பது என்ன, நாமே பார்க்க வேண்டியது என்ன

மகள் குதிரையேற்றம் பழக ஆரம்பித்து நான்கு வருடம் ஆன பிறகுதான் முதல் தடவையாக ஒரு குதிரை டிரெய்லரை என் காரில் மாட்டினேன். லாயத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் எல்லாம் முடித்துக் கையைத் துடைத்ததும், அவர் குனிந்து டிரெய்லரின் மெல்லிய கம்பிவடத்தைத் தொட்டுக் காட்டினார். அதை நான் காரின் டோ பார் உருண்டையின், அதாவது டிரெய்லரை மாட்டக் காரின் பின்னால் பொருத்தியிருக்கும் இரும்பு உருண்டையின், கழுத்தில் வளையமாகச் சுற்றியிருந்தேன். "இந்த உருண்டையே காரிலிருந்து கழன்று வந்துவிட்டால், வடம் எதைப் பிடித்து இழுக்கும்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை. பிரிட்டனில் காரில் குதிரை டிரெய்லர் இழுப்பவர்களுக்கான விதிகளை, அதிலும் உருண்டையைக் கழற்றி மாட்டும் வகை டோ பார் வைத்திருப்பவர்களுக்கானதை, தெரிந்த வரையில் தெளிவாக எழுதுகிறேன்.

முதலில் லைசன்ஸ். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றிலும் 2021 டிசம்பர் 16 முதல் சட்டம் மாறியது. 1997 ஜனவரி 1க்குப் பிறகு கார் ஓட்டும் தேர்வில் தேறியவர்கள் அதற்கு முன்பு பெரிய டிரெய்லர் இழுக்கத் தனி ஓட்டும் தேர்வில் தேற வேண்டியிருந்தது. இப்போது அது வேண்டாம். சாதாரண கார் லைசன்ஸ் இருந்தாலே, சுமையோடு சேர்த்து 3,500 கிலோ வரை அனுமதிக்கப்பட்ட டிரெய்லரை இழுக்கலாம். வட அயர்லாந்தில் மட்டும் தனித் தேர்வு தொடர்கிறது. 1997க்கு முன் தேறியவர்களுக்குப் பெரும்பாலும் காரும் டிரெய்லரும் சேர்ந்து 8,250 கிலோ வரை அனுமதி உண்டு.

தேர்வு போனது வசதிதான். ஆனால் அந்தத் தேர்வுக்குப் படிக்கும்போதுதான் டிரெய்லரை எப்படி மாட்டுவது, எப்படிக் கழற்றுவது என்று ஒருவர் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுப்பார். இப்போது யாரும் சொல்லித்தராமலேயே இரண்டு குதிரைகளை ஏற்றிக்கொண்டு மோட்டார்வேயில் போக முடியும். பயிற்சி கட்டாயமில்லை என்றாலும் ஒரு நாள் பயிற்சிக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது என்பது என் கருத்து.

அடுத்து டோ பார். உங்கள் கார் 1998 ஆகஸ்ட் 1 அன்றோ அதற்குப் பிறகோ முதலில் சாலைக்கு வந்தது என்றால், அதில் இருக்கும் டோ பார் அந்தக் காருக்கென்றே வடிவமைத்து, வகை ஒப்புதல் (அந்த மாதிரியைச் சோதித்துத் தரும் அனுமதி) பெற்றதாக இருக்க வேண்டும். தெரிந்த வெல்டரிடம் சொல்லி ஒன்று செய்து பொருத்திக்கொள்ள முடியாது. ஒப்புதல் பெற்ற டோ பாரில் ஒரு சிறிய தகடு இருக்கும். அதில் ஒப்புதல் எண்ணும், எந்தெந்தக் கார்களுக்கு ஏற்றது என்ற விவரமும் இருக்கும். பழைய கார் வாங்கும்போது பம்பருக்குக் கீழே படுத்து அந்தத் தகடு இருக்கிறதா, படிக்கக் கூடியதாக இருக்கிறதா என்று பாருங்கள். துருவில் அழிந்து போயிருந்தால், விற்பவர் வாயால் சொல்வதை மட்டும் நம்பிக் குதிரையை ஏற்ற வேண்டாம்.

ஏன் கழற்றி மாட்டும் வகை? அழகுக்காகச் சிலர் வாங்குகிறார்கள், ஆனால் சட்டத்திலும் ஒரு காரணம் இருக்கிறது. டிரெய்லர் இழுக்காத நேரத்தில் டோ பார் உருண்டை நம்பர் பிளேட்டை மறைக்கக் கூடாது. மறைத்தால் 1,000 பவுண்டு வரை அபராதம் விதிக்கலாம். அதனால் பல கார்களுக்கு உருண்டையைக் கையாலேயே, அல்லது ஒரு சாவி கொண்டு, கழற்றி எடுக்கும்படி செய்கிறார்கள். பம்பருக்கு அடியில் ஒரு கூடு நிரந்தரமாக இருக்கும். உருண்டையோடு கூடிய வளைந்த கழுத்தை அதில் செருகிப் பூட்ட வேண்டும்.

நிரந்தரமாக போல்ட் போட்ட டோ பாரை விட இது பாதுகாப்புக் குறைந்ததா என்று பலர் கேட்கிறார்கள். ஒப்புதலுக்கான சோதனை இரண்டுக்கும் உண்டு. சரியாகப் பூட்டிய நிலையில் இதுவும் அதே பாரத்தைத் தாங்கத்தான் வேண்டும். வித்தியாசம் ஒன்றே ஒன்று. காருக்கும் டிரெய்லருக்கும் நடுவில் கூடுதலாக ஓர் இணைப்பு வந்துவிடுகிறது, அதை ஒவ்வொரு தடவையும் பூட்டுவது தொழிற்சாலை அல்ல, நீங்கள். மழையில், சேற்றில், குதிரை கால் மாற்றி நின்று முனகிக்கொண்டிருக்கும்போது அவசரமாகப் பூட்டுவதும் நீங்கள்தான்.

பூட்டு விழுந்துவிட்டதா என்பதைக் காட்ட ஒவ்வொரு தயாரிப்பாளரும் ஓர் அடையாளம் வைத்திருக்கிறார். பல மாதிரிகளில் பச்சை, சிவப்பு நிறம். கழுத்தைப் பூட்டத் திருகும் கைச்சக்கரத்தில் பச்சை தெரிந்தால் பூட்டியிருக்கிறது, சிவப்பு தெரிந்தால் இல்லை. பெரும்பாலானவற்றில் முழுமையாகப் பூட்டிய பிறகுதான் சாவி வெளியே வரும். சாவி வரவில்லை என்றால் அதைத் திருகிப் பிடுங்கப் பார்க்காதீர்கள், கழுத்தைக் கழற்றி மறுபடி செருகுங்கள். சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு ஓட்டவும் கூடாது. அப்புறம் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழும், பக்கவாட்டிலும் பலமாக ஆட்டிப் பாருங்கள். ஆட்டமே இருக்கக் கூடாது. லேசாக டொக் டொக்கென்று சத்தம் வந்தாலும் அன்றைக்குக் குதிரை லாயத்திலேயே இருக்கட்டும்.

இந்த ஊர்க் குளிர்காலத்தில் சாலையெல்லாம் உப்புத் தூவுகிறார்கள். கழுத்தைக் கழற்றி வைத்திருக்கும் மாதங்களில் அந்த உப்பும் சேறும் கூட்டுக்குள் ஏறி, பூட்டைப் பிடிக்க விடாமல் செய்யும். கூட்டின் வாயை மூட ஒரு பிளாஸ்டிக் மூடி தருவார்கள், அதைத் தொலைக்காதீர்கள். ஒரு காரின் கழுத்தை இன்னொரு காரின் கூட்டில் மாட்டிப் பார்ப்பதும் வேண்டாம். உள்ளே போய்விட்டதாலேயே அது பொருந்திவிட்டது என்று ஆகாது.

இப்போது லாயத்து அம்மா கேட்ட கேள்விக்கு வருகிறேன். 750 கிலோவுக்கு மேல் அனுமதிக்கப்பட்ட டிரெய்லருக்கு பிரேக் கட்டாயம். குதிரை டிரெய்லர் எல்லாமே இந்தக் கணக்கில் வந்துவிடும். அப்படிப்பட்ட டிரெய்லரில் பிரேக்அவே கேபிள் என்ற வடம் இருக்க வேண்டும், ஓடும்போது அதைக் காரோடு இணைத்திருக்க வேண்டும். டிரெய்லர் காரை விட்டுப் பிரிந்தால் இந்த வடம் இறுகி, டிரெய்லரின் கை பிரேக்கை இழுத்துவிட்டு, பிறகு அறுந்துபோகும். அறுந்துபோவது குறை அல்ல, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். டிரெய்லர் தானாகவே நின்றுவிட வேண்டும் என்பதுதான் நோக்கம்.

வடத்தைக் கழற்றக்கூடிய கழுத்தில் சுற்றினால் என்ன ஆகும்? டிரெய்லரின் கப்ளிங், அதாவது உருண்டையைக் கவ்விப் பிடிக்கும் அதன் மூக்கு நுனி, உருண்டையிலிருந்து நழுவினால் பரவாயில்லை, கழுத்து காரோடு இருக்கும், வடம் இழுபடும், பிரேக் பிடிக்கும். ஆனால் கழுத்தே கூட்டிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிட்டால் உருண்டை, கழுத்து, வடம் எல்லாம் டிரெய்லரோடு சேர்ந்து போய்விடும். வடத்தை இழுக்க எதிர்ப்பக்கம் யாரும் இல்லை. பிரேக் பிடிக்காது. இரண்டு குதிரைகளோடு இரண்டு டன்னுக்கு மேல் எடை, பிரேக் இல்லாமல் போகும்.

அதனால் வடம் காரின் நிரந்தரமான பாகத்தில் மாட்டப்பட வேண்டும். பல டோ பார்களில் கூட்டுக்குப் பக்கத்தில் இதற்கென்றே ஒரு வளையம் இருக்கும். பம்பருக்குள் ஒளிந்திருக்கும், கையை விட்டுத் தடவினால் தெரியும். நிரந்தர உருண்டையில், வேறு வளையம் இல்லாதபோது, கழுத்தைச் சுற்றி மாட்டுவதை பிரிட்டனில் ஏற்றுக்கொள்கிறார்கள். கழற்றும் வகைக்கு அதையே செய்யாதீர்கள், டோ பார் தயாரிப்பாளரிடம் கேளுங்கள். நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து இரண்டிலும் உருண்டையைச் சுற்றி வளையம் போடுவதே செல்லாது. போட்டிக்கு அந்தப் பக்கம் குதிரை கொண்டுபோகிறவர்கள் இதை மனதில் வையுங்கள்.

வடத்தின் நுனியில் உள்ள கொக்கியிலும் ஒரு விஷயம் உண்டு. மலையேறுபவர்கள் வைத்திருப்பது போன்ற கனமான கொக்கி என்றால் நேராக வளையத்தில் மாட்டலாம். மெல்லிய கம்பிக் கொக்கி என்றால், வடத்தை வளையத்துக்குள் விட்டு எடுத்து, கொக்கியை வடத்தின் மேலேயே மாட்ட வேண்டும். இல்லையென்றால் இழுவிசை வரும்போது கொக்கி விரிந்துவிடும், பிரேக் விழாது. வளைவில் திரும்பும்போது இறுகாத அளவு தளர்வு வேண்டும், தரையில் உரசும் அளவுக்குத் தொங்கவும் கூடாது. டிரெய்லரின் மூக்குக்கு அடியில் கையால் ஏற்றி இறக்கும் சிறிய முன்சக்கரத்தின் கம்பியில் சுற்றி விடவும் கூடாது.

எடைக் கணக்கு இன்னொரு இடம், அங்கே பலர் தடுமாறுகிறார்கள். காரின் கதவுச் சட்டத்திலோ பானெட்டுக்கு அடியிலோ உள்ள தகட்டில் முதல் எண் காரின் அதிகபட்ச எடை, இரண்டாவது காரும் டிரெய்லரும் சேர்ந்த எடை. முதல் எண் 2,500, இரண்டாவது 5,000 என்றால், கார் முழுப் பாரத்தோடு இருக்கும்போது 2,500 கிலோ வரை இழுக்கலாம். இரண்டாவது எண்ணே இல்லாவிட்டால் அந்தக் காரில் எதையும் இழுக்கக் கூடாது.

அதோடு முடியவில்லை. டோ பார் தகட்டில் டி என்ற எழுத்தோடு ஓர் எண் இருக்கும், அது கிலோநியூட்டனில். காரின் எடையையும் டிரெய்லரின் எடையையும் டன்னில் பெருக்கி, அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்து, 9.81ஆல் பெருக்க வேண்டும். மேலே சொன்ன காருக்கும் டிரெய்லருக்கும் அது சுமார் 12.3 வரும். தகட்டில் 11 என்று இருந்தால், கார் இழுக்கும் என்றாலும் டோ பார் இழுக்காது. இரண்டில் எது குறைவோ அதுதான் உங்கள் எல்லை. எஸ் என்ற எழுத்தோடு உள்ள எண், டிரெய்லரின் மூக்கு உருண்டையின் மேல் எவ்வளவு கிலோ அழுத்தலாம் என்பது. சில டோ பார்கள் சைக்கிள் தாங்கிக்கு மட்டுமே ஒப்புதல் பெற்றவை, உருண்டை இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது.

இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணம், குதிரை ஒரு மூட்டை அல்ல. 550 கிலோ உயிர் நின்றபடி வருகிறது. வளைவில் சாய்கிறது, லாரி தாண்டிப் போனால் மிரண்டு உதைக்கிறது. அந்த அதிர்ச்சி எல்லாம் கடைசியில் அந்தச் சின்னப் பூட்டில்தான் வந்து விழும். ஒரே ஒரு குதிரை என்றால் இங்கே அதை ஓட்டுநர் பக்கத்தில், அதாவது வலது பக்கம், நிறுத்துவார்கள். சாலை ஓரத்தை நோக்கிச் சரிந்திருப்பதால் எடை நடுப்பக்கம் இருப்பது நல்லது.

யார் சோதிக்கிறார்கள்? காரின் எம்.ஓ.டி. எனும் வருடாந்திரப் பரிசோதனையில் டோ பாரும் பார்க்கப்படும். ஆனால் 3,500 கிலோ வரையிலான டிரெய்லருக்கு வருடாந்திரப் பரிசோதனை என்று ஒன்று இல்லை. 2014 ஜனவரியில் பிரிஸ்டலில் ஒரு காரிலிருந்து கழன்ற டிரெய்லர் நடைபாதையில் ஏறி, தாயோடு நடந்துபோன மூன்று வயதுச் சிறுவனைக் கொன்றது. அந்தக் குடும்பமும் அவர்கள் தொகுதி எம்.பி.யும் விடாமல் குரல் கொடுத்தார்கள். 2018இல் வந்த டிரெய்லர் பதிவுச் சட்டத்தில், டிரெய்லர் விபத்துகள் பற்றி அரசு அறிக்கை தர வேண்டும் என்ற பிரிவு சேர்ந்தது. ஆனாலும் சிறிய டிரெய்லர்களுக்குக் கட்டாயப் பரிசோதனை இன்றுவரை வரவில்லை. வர வேண்டும் என்றே நினைக்கிறேன். ஆபத்தான நிலையில் உள்ள வண்டியை ஓட்டினால் 2,500 பவுண்டு வரை அபராதமும் லைசன்ஸில் 3 தண்டனைப் புள்ளிகளும் உண்டு, ஓட்டத் தடையும் வரலாம்.

மற்ற விதிகள் சுருக்கமாக: டிரெய்லரின் பின்னால் காரின் நம்பர் பிளேட்டே இருக்க வேண்டும். வேகம் அதிகபட்சமாக, நடுவில் பிரிப்பு இல்லாத ஒற்றைச் சாலையில் மணிக்கு 50 மைல், நடுவில் பிரிப்பு உள்ள இரட்டைச் சாலையிலும் மோட்டார்வேயிலும் 60 மைல். மூன்று அல்லது அதற்கு மேல் தடம் உள்ள மோட்டார்வேயில் வலதுகோடித் தடத்துக்குப் போகக் கூடாது. பக்கக் கண்ணாடியில் பின்னால் வருவது சரியாகத் தெரியாவிட்டால் கூடுதல் கண்ணாடி மாட்ட வேண்டும்.

மாட்டி முடித்த பிறகு நான் இப்போது ஒன்று செய்கிறேன். குதிரையை ஏற்றுவதற்கு முன், முன்சக்கரத்தைக் கீழ்நோக்கிச் சுற்றி, டிரெய்லரின் மூக்கு காரின் பின்பக்கத்தையும் சேர்த்துத் தூக்குகிறதா என்று பார்க்கிறேன். தூக்கினால் கப்ளிங் உருண்டையைப் பிடித்திருக்கிறது, கழுத்தும் கூட்டில் நிற்கிறது. அப்புறம் சக்கரத்தை மேலே ஏற்றி இறுக்கிவிட்டு, சாவி என் பையில் இருக்கிறதா, பச்சை தெரிகிறதா, வடம் வளையத்தில் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்ப்பேன். ஐந்து மைல் போனதும் ஓரமாக நிறுத்தி இறங்கி இன்னொரு தடவை பார்ப்பேன்.