நேற்று ராத்திரி முட்டையிட்டது எத்தனை மீன்?

“கடலில் இத்தனை ஆயிரம் டன் நெத்திலி இருக்கிறது என்று எழுதுகிறீர்களே, யார் சார் இறங்கி எண்ணியது?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயம்தான். மீனை எண்ண முடியாது, வலையைக் கண்டால் ஓடிவிடும். முட்டை ஓடாது.

கலிபோர்னியாக் கடலில், நம் நெத்திலிக்குப் பங்காளி முறையாகும் ஒரு நெத்திலிக்காக 1980 வாக்கில் லா ஹோயாவில் கடல் உயிரியலாளர் ரூபன் லாஸ்கர் குழுவினர் உருவாக்கிய, முட்டையை எண்ணி மீனைக் கணக்கிடும் முறை இது. 25 செ.மீ. வாயுள்ள சின்ன வலையை 70 மீட்டர் ஆழத்துக்கு இறக்கி நேராக மேலே இழுப்பார்கள். மாட்டிய முட்டைகளில் உருண்டையானது மத்தியுடையது, நீண்டிருப்பது நெத்திலியுடையது. இந்த மீன் இரவு பத்து மணியை ஒட்டித்தான் முட்டையிடும். அதனால் கருவின் வளர்ச்சியையும் தண்ணீரின் சூட்டையும் பார்த்தே நேற்றைய முட்டை, முந்தாநாள் முட்டை என்று பிரித்துவிடலாம். முந்தாநாளுடையது குறைவாக இருக்கும். பாதி வழியில் செத்தும் தின்னப்பட்டும் போயிருக்கும். அந்தத் தேய்மானத்தைக் கூட்டிக்கொண்டால் ஒரு ராத்திரியில் இட்ட மொத்தம் வந்துவிடும்.

ஒரு மீன் ஒரு தடவைக்கு எவ்வளவு இடும்? அன்றிரவு வெளியேற வேண்டிய முட்டைகள் மட்டும் சினைக்குள் தண்ணீர் ஏறி, கண்ணாடி மணியாக ஊதி நிற்கும். எண்ணிவிடலாம். ஏறத்தாழ எட்டாயிரம்.

சிக்கல் அடுத்தது. நெத்திலி பருவம் முழுக்கத் திரும்பத் திரும்ப முட்டையிடும். நேற்று ராத்திரி இட்ட மீன்கள் எத்தனை? இங்கேதான் எனக்கு மிகப் பிடித்த இடம். முட்டை போய்விட்டாலும் அதைப் போர்த்தியிருந்த உறை சினைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. முதலில் கழற்றிப்போட்ட துணி மாதிரி மடிப்பு மடிப்பாகக் கிடக்கும். மறுநாள் சுருங்கும். அதற்கடுத்த நாள் அடையாளமே தெரியாது. சினையை மெல்லிசாகச் சீவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் வைத்து ஆய்வாளர்கள் ஜான் ஹண்டரும் ஸ்டீபன் கோல்ட்பெர்க்கும் இதைப் படித்தார்கள். ஒரு பருவ ராத்திரியில் முட்டையிடுவது சுமார் ஏழில் ஒரு பெண் மீன்.

இனி வெறும் கணக்கு. கடலில் ஒரு ராத்திரிக்கு ஒரு லட்சம் கோடி முட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டாயிரத்தால் வகுத்தால் இட்ட மீன்கள் 12.5 கோடி. ஏழால் பெருக்கினால் மொத்தப் பெண் மீன் 87.5 கோடி. ஆணும் அதே அளவு என்றால் 175 கோடி. தலைக்கு 15 கிராம்: 26,250 டன்.

காலி உறையைத் தவறாகப் படித்து, ஏழில் ஒன்றை எட்டில் ஒன்று என்று எழுதிவிட்டால் அதுவே 30,000 டன். ஆய்வுக் கப்பலுக்கு டீசல் அடிக்கப் பணம் ஒதுக்குகிறவர்கள், நுண்ணோக்கியில் குனிந்திருக்கும் ஆளுக்குச் சம்பளம் கொடுக்க ஏன் யோசிக்கிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.