தைராய்டு அதிகமாகச் சுரந்தால்: எந்த மாத்திரை எதைத் தடுக்கிறது?

தைராய்டு சுரப்பை அடக்கும் கார்பிமசோல் தொடங்கிப் பத்து நாளாகியும் படபடப்பு குறையவில்லையே என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். தைராய்டு சுரப்பி தான் செய்யும் ஹார்மோனைத் தைரோகுளோபுலின் என்ற புரதத்தோடு பிணைத்துச் சேமித்து வைக்கிறது. மாத்திரை முடக்குவது புது உற்பத்தியை நடத்தும் பெராக்சிடேஸ் நொதியைத்தான். பழைய கையிருப்பு தானாகத் தீர வேண்டும். ரத்தத்தில் இருக்கும் டி4 என்ற தைராய்டு ஹார்மோன் பாதியாவதற்கே ஏறக்குறைய ஒரு வாரம் பிடிக்கும். முழுப் பலன் தெரிய 3 முதல் 8 வாரம் ஆகலாம். அதுவரை இதயத் துடிப்பையும் கைநடுக்கத்தையும் அடக்க புரொப்ரனலால் தருவார்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆகாது.

கார்பிமசோல் உடலுக்குள் போனதும் மெத்திமசோலாக மாறுகிறது. அதில் 10 மி.கி., இதில் சுமார் 6 மி.கி.க்குச் சமம். சுரப்பிக்குள் நெடுநேரம் தங்குவதால் பெரும்பாலோருக்கு தினம் ஒருவேளை போதும். தைராய்டை அடக்கும் இன்னொரு மாத்திரையான புரொப்பைல்தையோயுராசில் சீக்கிரம் வெளியேறிவிடும்; பொதுவாக மூன்று வேளை விழுங்க வேண்டும். ஆனால் அது இன்னொரு வேலையும் செய்கிறது: சுரப்பிக்கு வெளியே டி4, வீரியம் கூடிய டி3 ஹார்மோனாக மாறுவதையும் ஓரளவு தடுக்கிறது. ஹார்மோன் மிகையால் நிலைமை திடீரென முற்றி உயிருக்கே ஆபத்தாகும் தைராய்டு புயலில் அது கைகொடுப்பது இதனால்தான். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களிலும் அதையே தேர்ந்தெடுக்கிறார்கள். மெத்திமசோல் சிசுவுக்கு உறுப்புக் குறைபாடு உண்டாக்கக்கூடும். மற்ற நேரங்களில் கார்பிமசோலோ மெத்திமசோலோதான் முதல் தேர்வு. காரணம் கல்லீரல்: புரொப்பைல்தையோயுராசில் அரிதாகக் கல்லீரலையே செயலிழக்க வைப்பதால், 2010இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்குக் கடும் எச்சரிக்கை விதித்தது.

இரண்டு வகைக்கும் பொதுவான ஆபத்து ஒன்று உண்டு. 1,000 பேரில் 2 முதல் 5 பேருக்கு, பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள், வெள்ளணுக்கள் திடீரெனச் சரிந்துவிடும். காய்ச்சல், தொண்டை வலி, வாய்ப்புண் வந்தால் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே மாத்திரையை நிறுத்தி, ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். சரிவு உறுதியானால் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றுக்கு மாறுவதும் தவறு. அதுவும் அதே வேலையைக் காட்டலாம்.

தவறு அடிக்கடி நேரும் இன்னோர் இடம் ரத்தப் பரிசோதனை முடிவு. ஆறாவது வாரத்தில் ஃப்ரீ டி4 (ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் டி4) இயல்பாக இருக்கும். தைராய்டைத் தூண்ட மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் டிஎஸ்ஹெச் மட்டும் 0.01இலேயே நிற்கும். நெடுநாள் அடங்கிக் கிடந்த பிட்யூட்டரி விழித்தெழப் பல மாதம் ஆகலாம். டிஎஸ்ஹெச்சை மட்டும் பார்த்து டோஸைக் கூட்டினால், ஹார்மோன் பற்றாக்குறை வந்து உடல் எடை ஏறும், கழுத்து வீக்கமும் பெரிதாகும். தொடக்கத்தில் டோஸைத் தீர்மானிக்க வேண்டியவை ஃப்ரீ டி4, டி3 அளவுகள்தாம்.

உடலின் எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தூண்டிவிடும் கிரேவ்ஸ் நோய்க்கு வழக்கமாக 12 முதல் 18 மாதம் சிகிச்சை. நிறுத்துவதற்கு முன் டிஎஸ்ஹெச் ஏற்பிக்கு எதிரான ஆன்டிபாடியைப் பார்ப்பது நல்லது. அது அதிகமாக இருந்தால் நோய் திரும்பும் வாய்ப்பும் அதிகம். நிறுத்தியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் திரும்புகிறது, அதிலும் பலருக்கு முதல் ஆண்டுக்குள்ளேயே.